வெயிலுக்கு ஏதுலே பத்தாயம்?

லேய் மக்கா, மாடியில பளபளன்னு சோலார் பரத்தி வச்சிருக்கியே, செங்கல் சிவபார்வதி கோயில்ல 111 அடி லிங்கம் பாக்க வாறவன் உனக்க வீட்டையும் அண்ணாந்து பாக்கான். கரண்டு பில்லு வந்தா சிரிக்கியாமே. சிரி, சிரி. பகல்ல பிடிச்ச வெயில ராத்திரிக்கு எங்க வச்சிருக்க? போர்டுக்குக் குடுத்திருக்கேன் பாட்டா, பொறவு வாங்கிக்கிடுவேன் எங்கியா? போர்டு என்ன, உனக்க அம்மாவன் வீட்டுப் பத்தாயமா? மத்தியானம் நீ குடுத்தத அடுத்த வீட்டு மிக்சி அப்பமே தின்னாச்சு. அந்திக்குக் கேரளம் முழுக்க ஒண்ணா சுவிட்சப் போடும்போ போர்டு வெளிய ஓடி, கூடுன வெலைக்கு வாங்கிட்டு வருது.

பத்தாயம் இல்லாம வெயில் பெருகுனா என்னாகும்னு இலங்கைக் கதை கேளு. 2025 பிப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை. பாணந்துறை சப்ஸ்டேஷன்ல ஒரு கொரங்கு கைய வச்சுது. பட்டப்பகல்ல தீவு முழுக்கக் கரண்டு போச்சு. மந்திரி கொரங்கக் கைகாட்டிட்டாரு. அதுக்கு வாதாட வக்கீல் இல்ல, பாவம். ஆனா அண்ணைக்கு லீவு. செலவு கொறவு, கூரையெல்லாம் வெயில அள்ளிக் கொட்டுது. தண்ணியிலயும் கரியிலயும் ஓடுற மெஷினு செக்கு மாதிரி கனமாச் சுத்தும், ஒரு தட்டு தட்டுனா ஒடனே நிக்காது. உனக்க பலகையில சுத்துறதுக்கு என்ன இருக்கு? அதான் ஒரு தட்டுக்கே எல்லாம் சாஞ்சுது. ஏப்ரல்ல புத்தாண்டு லீவு வந்ததும் மூணு மணி வரைக்கும் சோலார அணைச்சு வைங்கோன்னு மின்சார சபையே கெஞ்சிச்சு. வெயிலுக்கே லீவு குடுத்த நாடுலே அது!

அதே இலங்கையில நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்காரனுக்குப் பெரிய லைன் எட்டாது, டீசல்தான் கதியா இருந்துது. 2021ல அங்க காத்து, வெயில்ல கரண்டு எடுக்கச் சீனக் கம்பெனிக்கு வேலையக் குடுத்தாவ. ராமேசுவரத்துக்கு எதுக்கச் சீனனான்னு டெல்லி மொகம் சுளிச்சுது. 2024 மார்ச்சுல நாங்களே 1.1 கோடி டாலர் சும்மா தாறோம்னு ஒப்பந்தம் போட்டாச்சு. ஒரு நல்ல காரியத்துக்கும் அடுத்தவன் மேல ஒரு பொறாமை வேணும், பாத்துக்கோ. திட்டம் என்ன? காத்து 530 கிலோவாட், வெயில் 1700, பிடிச்சு வைக்க 2400 யூனிட் பேட்டரி. கூடவே 2500 கிலோவாட்டுக்கு டீசலும். மருமக வந்தாச்சுன்னு மாமியார எறக்கி விடல்ல, வெவரமானவனுவ.

உனக்க அம்மச்சி மரச்சீனி மலிஞ்சப்போ அவிச்சு உணக்கிப் பானையில போட்டு வச்சா. நீ மோட்டாரையும் கிரைண்டரையும் ராத்திரி ஓட்டுக. மத்தியானமே ஓட்டுலே, டாங்குல ஏறுன தண்ணியும் பேட்டரிதான். மிச்சத்துக்குப் பாறசாலைக்குப் போயி பேட்டரி வெலை கேட்டுட்டு வா. தல சுத்தும். கஞ்சிவெள்ளம் எடுத்து வைக்கேன்.