அருவிக்குப் போய் நனையாமல் வருவது எப்படி

ஒரு துளி தண்ணீர்கூடப் பட்டுவிடக் கூடாது என்ற கவலையோடு அருவிக்குப் போகும் ஒரே ஜீவன் புகைப்படக்காரர்தான். குற்றாலத்துக்குப் போகும் நம்மவர்களைப் பாருங்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, வரிசையில் நின்று, முன்பின் தெரியாத பத்துப் பேரின் முழங்கைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, பேரருவியிடம் நன்றாக அடி வாங்கிக்கொண்டு, சூடாக ஒரு பஜ்ஜியைத் தின்றுவிட்டு மறுபடியும் வரிசைக்குப் போகிறார்கள். புகைப்படக்காரரோ விடியுமுன் கிளம்பி, வழிநெடுக அட்டைகளுக்கு ரத்ததானம் செய்து, பாசிப் பாறைகளில் உட்கார்ந்து எழுந்து, பேருந்து போகாத ஓர் அருவியின் முன் போய் நிற்கிறார். நின்றதும் முதல் வேலையாகக் குடையை விரிக்கிறார். குடை அவருக்கல்ல, கேமராவுக்கு. இந்த இனத்தின் உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. அருவிக்கும் கேமராவுக்கும் ஜென்மப் பகை என்பதும், அந்தப் பகையை மறைப்பதற்காகத்தான் அருவி மேலும் மேலும் தொலைவில் இருக்க வேண்டியிருக்கிறது என்பதும்தான் என் கட்சி.

அருவியிடம் என்னதான் இருக்கிறது? பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல், எலும்புவரை போகும் குளிர், ஈரப் பாறையின் வாசனை, தோளில் விழும் எடை, ஓயாத ஓட்டம். முதல் நான்கும் படத்தில் வராது என்று சொல்ல நிபுணர் தேவையில்லை. மிஞ்சுவது ஓட்டம். அதற்குக் கேமராவிடம் இருப்பது இரண்டே வித்தை. ஷட்டரை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தால் நீர் அந்தரத்தில் விறைத்து நிற்கும். அரை நொடி திறந்தால் குழைந்துவிடும். 60 அடி உயரத்திலிருந்து விழும் நீர் தரையைத் தொடுவதற்கு முந்தைய அரை நொடியில் மட்டும் 20 அடிக்கு மேல் இறங்கிவிடுகிறது. அந்த இருபது அடியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து பஞ்சுமிட்டாய் ஆகிறது. விறைத்த நீரையோ பஞ்சுமிட்டாயையோ எந்த மனிதக் கண்ணும் எந்த அருவியிலும் கண்டதில்லை. ஆனாலும் உலகெங்கும் பஞ்சுமிட்டாய்க்குத்தான் மவுசு. பகல் வெளிச்சத்தில் அரை நொடி திறந்தால் படம் வெளுத்துப்போகும் என்பதால், என்.டி. ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடியை லென்ஸின் முகத்தில் மாட்டுகிறார்கள். வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும் லென்ஸுக்கு ஒரு விலை, அதே வெளிச்சத்தை வெளியே நிறுத்தும் கண்ணாடிக்கு இன்னொரு விலை.

அந்த அரை நொடியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ட்ரைபாடின் மூன்று கால்களும் மூன்று வெவ்வேறு உயரப் பாறைகளில் நிற்கின்றன. கை பட்டால் ஆடிவிடும் என்று புகைப்படக்காரர் டைமர் வைத்திருக்கிறார். டைமர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பி, சாரல் முழுவதும் லென்ஸின் மேல் வந்து உட்காருகிறது. மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கிறார். அது ஏற்கெனவே நனைந்த துணி. சட்டை நுனியால் துடைக்கிறார். அது அதைவிட நனைந்தது. இதற்குள் ஓர் அட்டை ட்ரைபாடின் காலைப் பிடித்து, உடம்பை வளைத்து வளைத்து, அவர் கையை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்கு டைமர் தேவையில்லை. அருவியைப் பார்க்கவென்று போனவர் அருவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்தப் பஞ்சுமிட்டாய்க்குச் சரித்திரம் உண்டு. 1861-ல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் கோவேறு கழுதைகளின் மேல் கேமராவை ஏற்றிக்கொண்டு போனார். 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் என்ற கணக்கில் கண்ணாடித் தகடுகள். ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படம் எடுத்து, காயுமுன்னரே கழுவியாக வேண்டும். ஆகவே இருட்டுக் கூடாரமும் கூடவே போனது. அன்றைய தகடுகளுக்கு வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகம் குறைவு. மலை அசையாமல் நின்று ஒத்துழைத்தது, அருவிக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால் யோசெமிட்டி அருவி அவர் படங்களில் வெள்ளையாகக் குழைந்தே விழுகிறது. அவருக்கு வேறு வழியில்லை. இன்றைய கேமராவோ ஒரு துளியைக்கூட அந்தரத்தில் நிறுத்திவிடும். அந்தத் திறமைக்கெல்லாம் காசு கொடுத்துவிட்டு, 1861-ன் இயலாமையைத் திரும்ப வரவழைக்க மேலும் காசு கொடுப்பதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குழைத்த பிறகு எல்லா அருவியும் ஒன்றுதான். இரண்டு பக்கம் கறுப்புப் பாறை, நடுவில் வெள்ளை, ஓரத்தில் பச்சை. குடகா, கொல்லிமலையா, ஐஸ்லாந்தா என்று செடியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். படத்துக்கு மதிப்பு வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அது படத்துக்கு அடியில் எழுதும் வரியிலிருந்து வருகிறது: இத்தனை கிலோமீட்டர் நடை, பாதை கிடையாது, யானை நடமாட்டம் உண்டு. தூரம் என்பது அருவிக்கு வாய்த்த குணம் அல்ல. படத்துக்குத் தேவைப்படும் சான்றிதழ். தேனி மாவட்டத்தின் தலையாறு அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 297 மீட்டர் உயரம், தமிழ்நாட்டிலேயே உயரமானது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில் டம் டம் பாறை அருகே நின்றால், எதிர்மலையில் எலிவால் கணக்காகத் தொங்குவது தெரியும். ஊரார் சொல்லும் பெயரும் எலிவால் அருவிதான். பேருந்து ஜன்னலோரம் இடம் கிடைத்தால் டிக்கெட் காசிலேயே பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்ததற்கு யாராவது பாராட்டுவார்களா? கோவா எல்லையில் தூத்சாகர் அருவி ரயில் பாதைக்கே வந்து விழுகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். அதில் சாதனை இல்லையென்று தண்டவாளத்தோடு நடந்து போனவர்களை, 2023 ஜூலையில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் பிடித்து வரிசையாகத் தோப்புக்கரணம் போடவைத்தார்கள். அந்தக் காட்சியும் படமாகி, அருவிப் படங்களைவிட வேகமாக நாடு முழுவதும் பரவியது. அதில் யாரும் ஷட்டரை மெதுவாக வைக்கவில்லை.

யாருக்குத் தொலைவு என்ற கேள்வியும் இருக்கிறது. பெரு நாட்டில் கோக்டா என்றொரு அருவி. 2002-ல் ஸ்டெஃபன் ஸீமென்டார்ஃப் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டு, 2006-ல் அதன் உயரம் 771 மீட்டர் என்றும், உலகில் மூன்றாவது என்றும் அறிவித்தார். உயரப் பட்டியல் வைத்திருப்பவர்கள் உடனே சண்டைக்கு வந்தார்கள், அது தனிக் கதை. அருவிக்கு எதிரேயே கொக்காச்சிம்பா என்ற ஊர் இருக்கிறது. அங்கே பிறந்தவர்கள் தினமும் காலையில் கதவைத் திறந்தால் 771 மீட்டரும் தெரியும். அந்த நீரில் ஒரு கடல்கன்னி காவல் இருக்கிறாள், கிட்டப்போனால் சாபம் பிடிக்கும் என்று அவர்களிடம் கதை உண்டு. அதனால் வெளியே சொல்லாமல் இருந்தார்கள். வாசலில் நிற்கும் அருவிக்கு 'கண்டுபிடிப்பு' என்று பெயர் வந்ததற்குக் காரணம் அதுவரை அங்கே அளவுநாடா போகவில்லை என்பதுதான். நம் மலைகளிலும் 'மனிதக் காலடி படாத அருவி' என்று எழுதுகிறவரை அங்கே கூட்டிப்போவது காணிக்காரரோ பளியரோ முதுவரோதான். அவர் காலடி கணக்கில் வராது போலும்.

காலடி படாததாகக் காட்ட வேண்டுமானால் காலே படத்தில் வரக் கூடாது. அதனால் வழிகாட்டியை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள். விளைவு, அருவி 30 அடியா 300 அடியா என்பது படத்தில் தெரிவதில்லை. பாறைக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். மனிதரை மறைப்பவர்கள் மதகையும் மறைக்கிறார்கள். கர்நாடகத்தின் ஜோக் அருவிக்கு மேலே ஷராவதி ஆற்றின் குறுக்கே லிங்கனமக்கி அணை 1964 முதல் இருக்கிறது. 253 மீட்டரிலிருந்து இன்று எவ்வளவு நீர் விழும் என்பதை மழையோடு சேர்ந்து மின்சாரத் தேவையும் முடிவு செய்கிறது. சீனாவின் யுன்டாய் மலையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அருவி அது. 2024-ல் ஒருவர் உச்சிவரை ஏறிப்போய் எடுத்த வீடியோவில், நீர் ஒரு குழாயிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. கோடையில் பார்க்க வருகிறவர்கள் ஏமாறக் கூடாதே என்றுதான் இந்தச் சின்ன ஒப்பனை என்று பூங்கா நிர்வாகம் விளக்கம் கொடுத்தது, அதுவும் அருவியே பேசுவது மாதிரி. என் கணக்கில் இதுவரை வந்த அருவிப் படங்களில் முழு உண்மை சொன்னது அந்தக் குழாயின் படம்தான்.

'உலகமே அருவிகளைப் பாதுகாப்பது படங்களைப் பார்த்துத்தானே?' என்று கேட்பார்கள். பலமான கேள்வி. வாட்கின்ஸின் படங்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்து, அரசியல்வாதிகளின் கையில் ஏறி, 1864 ஜூன் 30-ல் அதிபர் லிங்கன் யோசெமிட்டியைப் பொதுமக்களுக்கென ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டதற்குப் பின்னால் இருந்தன. லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை: போக முடியாதவருக்காக எடுக்கப்படும் படம் பெரிய சேவை. ஆனால் போக முடியாதவருக்குத் தேவை தகவல். எந்த மாதம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம், பக்கத்தில் யார் வாழ்கிறார்கள். யோசெமிட்டி அருவியே கோடைக் கடைசியில் பெரும்பாலும் வற்றிப்போகும். அந்த வெறும் பாறையை யாராவது சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களா? 'கலை என்பது நகலெடுப்பதல்ல' என்பது அடுத்த கேள்வி. சரி, கலைதான். அப்படியானால் அடியில் 'கலை' என்றே எழுதட்டும், 'இயற்கையின் உண்மை அழகு' என்று எழுத வேண்டாம். 'வீடியோ எடுத்தால் சத்தமும் ஓட்டமும் வந்துவிடுமே' என்பவர்களுக்கு ஒன்றே பதில்: அதன்மேல் பாட்டைப் போடுவதும் நீங்கள்தானே? 'நடையே சுகம், படம் ஒரு சாக்கு' என்று கடைசியில் ஒருவர் உண்மையைச் சொல்வார். அவரோடு எனக்கு வழக்கே இல்லை. நடக்கட்டும். ஆனால் அந்தச் சாக்குக்கு எதற்கு அத்தனை எடை?

போகத்தான் போவீர்கள். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தில் அவரையும் நிற்கவையுங்கள், உயரம் தெரியும். எந்த மாதம் எடுத்தது என்று எழுதுங்கள். ஒன்று மட்டும் வேடிக்கையில்லாமல் சொல்கிறேன். தெளிவாக வந்துகொண்டிருந்த நீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் அதிகமாக மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், மலைக்கு மேலே எங்கோ மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் சரி. அப்போது ட்ரைபாடை மடக்கிக்கொண்டு நிற்காதீர்கள். கேமராவை அப்படியே விட்டுவிட்டு மேட்டில் ஏறுங்கள்.