புள்ளிவலம்

விமானப் புள்ளிகளுக்காகக் கிரெடிட் கார்டுகளை வாங்கிக் குவிப்பது ஒருவகை வழிபாடு. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிவைத்த புள்ளித் திட்டத்தின் வழிவந்தது. திருவண்ணாமலையில் விமான நிலையம் கிடையாது. அங்குள்ள புள்ளி பக்தர்களுக்கு அது ஒரு தடையுமல்ல. 14 கி.மீ. கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள். பர்ஸில் எட்டு கார்டுகள். குபேர லிங்கத்தின் முன்னால் மட்டும் கூட்டம் நெரிவதில் வியப்பென்ன! ஒவ்வொரு கார்டு விண்ணப்பத்துக்கும் வங்கி பழைய கடன் கணக்கைப் புரட்ட, 900-ஐ உச்சமாகக் கொண்ட சிபில் மதிப்பெண் சற்றே இறங்கும். வாடகைக்கும் பெட்ரோலுக்கும் பல கார்டுகள் புள்ளியே தருவதில்லை. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு ஐக்கியமானபோது அதன் புள்ளிகளும் ஐக்கியமாயின. சாயுஜ்யம் என்பது இதுதான் போலும். நிலுவையைத் தள்ளிப்போட்டால் வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டலாம். இலவச டிக்கெட்டுக்கும் வரி உண்டு. சென்னை விமான நிலையம் வரை பஸ் கட்டணம் தனி.