கழகங்கள் இரண்டு: ஒரு சுருக்கமான அறிமுகம்

தமிழ்நாட்டின் இருகட்சி முறை 1977இல் நிலைபெற்றது. 1967இல் காங்கிரஸை வீட்டுக்கு அனுப்பிய திமுகவிலிருந்து 1972இல் எம்.ஜி.ஆர். பிரிந்து அதிமுகவைத் தொடங்கினார். ஐந்தே ஆண்டில் ஆட்சியையும் பிடித்தார். அன்று முதல் 2021 வரை நடந்த சட்டமன்றத் தேர்தல் எதிலும் இவ்விரண்டைத் தவிர வேறொரு கட்சி வென்று கோட்டைக்குப் போனதில்லை. ஒன்றின் மீது கோபம் வந்தால் மற்றதற்குப் போடுவதும், ஐந்தாண்டில் அதன் மீதும் கோபம் வந்து பழையதற்கே திரும்புவதும் வாசகர்கள் நன்கு அறிந்த வழக்கம். 1989 முதல் 2011 வரை ஒரு தேர்தலில்கூட இந்த முறை தப்பவில்லை. இதிலிருந்து விடுபடும் வழி கட்டுரையின் இறுதியில் தரப்படும்.

இரண்டே கட்சிகள் மாறி மாறி வருவதற்குக் காரணம் எளியது. தொகுதியில் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் எம்.எல்.ஏ. மற்றவர்கள் வாங்கியதெல்லாம் காந்தி கணக்கு. ஆகவே மூன்றாவது கட்சியை மனதாரப் பிடித்தவர்கூட, வாக்குச்சாவடிக்குள் போனதும் இரண்டில் ஒன்றைத் தேடுகிறார்.

ஆட்சி மாறியதும் முதல் வேலை பெயர்ப்பலகை மாற்றும் பெயின்டருக்குக் கிடைக்கிறது. அடுத்த முறை சிலைகளுக்கு. மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட கண்ணகி சிலை, 2001 டிசம்பரில் அதிமுக ஆட்சியில் அகற்றப்பட்டது. லாரி மோதியது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றெல்லாம் காரணங்கள் வந்தன. 2006இல் திமுக வந்ததும் சிலையும் மெரினாவுக்கு வந்தது. இடைஞ்சல் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. மதுரையை எரித்தவளுக்கே இந்தக் கதி என்றால் சாதாரண நலத்திட்டம் எம்மாத்திரம்?

ஓமந்தூரார் தோட்டத்தில் திமுக கட்டிய தலைமைச் செயலகத்தை 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். உச்சிக் குவிமாடம் முடியாததால், சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கொண்டு விழாவுக்கென்று ஒரு செட் குவிமாடம் போட்டார்கள். 2011 மே மாதம் முதல்வரான ஜெயலலிதா அங்கே போகாமல் பழைய ஜார்ஜ் கோட்டைக்கே போனார். புதுச் செயலகம் மருத்துவமனை ஆயிற்று. அதே ஆண்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. உயர் நீதிமன்றம் குறுக்கே வந்திராவிட்டால் புத்தக அலமாரிகள் இருந்த இடத்தில் தொட்டில் தொங்கியிருக்கும். முந்தைய ஆட்சி கட்டிய எதைப் பார்த்தாலும் அரசுக்கு நோயாளிகள் ஞாபகம் வந்த காலம் அது.

நாட்காட்டியும் தப்பவில்லை. 2008இல் திமுக சட்டம் போட்டுத் தமிழ்ப் புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு நகர்த்தியது. 2011இல் அதிமுக சட்டம் போட்டுச் சித்திரைக்கே திருப்பியது. தை மாதத்தில் பச்சடிக்கு மாங்காய்க்கும் வேப்பம்பூவுக்கும் எங்கே போவது என்று எந்தச் சட்டப்பிரிவிலும் இல்லை.

இந்தப் பகுதி நீண்டுகொண்டே போகிறது. ஆனாலும் பாடநூலை விட்டுவிட முடியாது. முந்தைய திமுக ஆட்சி கொண்டுவந்த சமச்சீர்க் கல்வியை நிறுத்திவைக்க 2011இல் அதிமுக அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அச்சாகிக் கிடந்த நூல்களை வேறு வழியின்றிக் கொடுக்க நேர்ந்தபோது, பழைய முதல்வரின் வாடை வீசிய பகுதிகளைத் தாள் ஒட்டி மறைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பாடநூலின் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அவ்வளவு ஆர்வமாகப் படித்தது அப்போதுதான் இருக்கும். மறு தரப்பும் சளைத்ததல்ல: 2020 டிசம்பரில் அதிமுக திறந்த அம்மா மினி கிளினிக்குகள், 2022 ஜனவரியில் திமுக ஆட்சியில் மூடப்பட்டன. அது தற்காலிகத் திட்டம்தான் என்று விளக்கம் தந்தார்கள். தற்காலிகம் எது, நிரந்தரம் எது என்பது தேர்தல் முடிவு வந்த பிறகே தெரிகிறது.

அண்மையில் ஒரு தெருமுனையில், நல்ல நிலையில் இருந்த பேருந்து நிழற்குடை பெயர் மாற்றத்துக்காகக் கயிறு கட்டி மூடப்பட்டது. முழங்கால் வலிக்காரர்கள் பலர் வெயிலில் நின்றார்கள். அவர்களில் ஒருவருடைய எரிச்சலே இந்தக் கட்டுரை என்பதை மறைப்பதற்கில்லை. அவரும் இந்த இரண்டுக்குமே மாறி மாறிப் போட்டவர்தான்.

மூன்றாவது அணி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2006இல் தனித்து நின்ற தேமுதிக எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியும் விருத்தாசலத்தில் விஜயகாந்த் ஒருவர்தான் வென்றார். 2011இல் அதிமுகவோடு சேர்ந்ததும் 29 இடம் கிடைத்தது. 2016இல் மாற்று என்று சொல்லி மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து நின்றபோது கிடைத்தது பூஜ்யம். பாமக அதே ஆண்டு தனித்து நின்று பார்த்துவிட்டு, 2019இல் அதிமுக கூட்டணிக்குப் போனது.

இறுதியாக, முன்னர் சொன்ன வழி. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2013 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தின் கடைசியில் நோட்டா என்றொரு பொத்தான் இருக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே வென்றவர்.