ஏரிக்கரையில் ஒரு இன்ஸ்பெக்டர்

ஒரகடம் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருப்பார். வாரத்தில் ஆறு நாள் உதிரிபாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிவப்பு டேக் மாட்டி 'ரிஜெக்ட்' போடுவது வேலை. ஏழாவது நாள் மனுஷனுக்கு ஓய்வு வேண்டாமா? அதற்காகத்தான் ஏரிக்கரைக்கு வருகிறார். வந்து, பறவைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறந்தால் இவருக்குச் சீசன். வடக்கே குளிர் தொடங்கி, வாத்தும் உள்ளானும் தகைவிலானும் நம் பக்கம் வந்து இறங்கும் நேரம். சென்னைவாசிகளுக்குக் கிண்டி, நன்மங்கலம், பள்ளிக்கரணை என்று பேர் பெற்ற இடங்கள் இருக்கின்றன. நம்மவருக்கு ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும்தான் பூங்கா. பெஞ்சு கிடையாது, நடைபாதை கிடையாது. சீமைக் கருவேல முள் தாராளமாக உண்டு.

"இவ்வளவு கஷ்டப்படறதுக்கு வேடந்தாங்கல் போகலாமே சார்?" என்று யாராவது கேட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். "அது 1798லயே கலெக்டர் லயனல் பிளேஸ் பட்டயம் போட்டுக் கொடுத்த இடம்ப்பா. அங்கே பறவை தானா வந்து கண்ணுல விழும். அதுல நம்ம திறமை எங்கே இருக்கு?" என்பார்.

உடையில் பச்சைக்கும் காக்கிக்கும் நடுவே ஒரு நிறம். சட்டை முழுக்கப் பாக்கெட். எதில் லென்ஸ் துணி, எதில் கடலை மிட்டாய் என்று அவருக்கே தெரியாது. ஆறு நாள் ஐடி கார்டு தொங்கிப் பழகிய கழுத்து ஞாயிற்றுக்கிழமை வெறுமையாக இருக்க மறுப்பதால் பைனாகுலர் தொங்குகிறது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மெஷினுக்குச் சந்தனம் வைத்த கையோடு வீட்டுக்கு வந்து பைனாகுலருக்கும் வைப்பார். லென்ஸில் பட்டுவிடாமல் வாரில் மட்டும்.

அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அதோ கொக்கு!" என்று சொல்லிவிடாதீர்கள். "எந்தக் கொக்கு?" என்று வரும் கேள்வி. உண்ணிக்கொக்கா, சின்னக்கொக்கா, மடையானா? பதில் தெரியாதவர்கள் அன்றைய ரிஜெக்ட். கொக்காவது பரவாயில்லை, உள்ளான்கள் கதை பெரிய கதை. எல்லாம் ஒரே சேற்று நிறம். கண்ணுக்கு மேலே ஓடும் வெள்ளைக் கோடு தெளிவாக இருந்து, காலும் மஞ்சளாக இருந்தால் பொரி உள்ளான் என்று தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் கால் சேற்றுக்குள் இருக்கிறதே! அது காலைத் தூக்கும்வரை இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசியில் உள்ளான் காலைத் தூக்காமல் உடம்பையே தூக்கிக்கொண்டு பறந்துவிடும். குறிப்பில், 'உள்ளான் ஏதோ ஒன்று. மறு ஆய்வு தேவை' என்று எழுதுவார்.

மழை விஷயத்தில் இவரோடு ஊரே ஒத்துப்போக முடியாது. செம்பரம்பாக்கம் 24 அடியைத் தொட்டுவிட்டால் குடிக்கத் தண்ணீர் ஆச்சு என்று சென்னை பெருமூச்சு விடும். இவர் துக்கம் விசாரிக்கிற குரலில், "சேத்துத் திட்டெல்லாம் முங்கிப் போச்சு சார், உள்ளான் எங்கே போய் நிக்கும்?" என்பார். ஏரி நிரம்பவும் கூடாது, வற்றவும் கூடாது. கரையோரம் கணுக்கால் அளவு நிற்க வேண்டும். அதுதான் அவர் வருண பகவானுக்குக் கொடுத்திருக்கும் ஸ்பெசிஃபிகேஷன்.

திங்கட்கிழமை கம்பெனியிலும் நிம்மதி கிடையாது. பத்து நிமிஷம் லேட்டாக வந்த டிரெயினிப் பையன் மாட்டினான். "2022 அக்டோபர்ல ஒரு பட்டைவால் மூக்கன், பொறந்து அஞ்சே மாசம், அலாஸ்காவுல கிளம்பி டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டர். பதினோரு நாள், எங்கேயும் இறங்கலே, தண்ணி குடிக்கலே. முதுகுல இருந்த சேட்டிலைட் கருவி சொன்ன கணக்கு இது. உன்னால வாலாஜாபாத்லேருந்து ஆறு மணிக்கு வர முடியலையா?" பையன் தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்குக் கம்பெனி பஸ் கிடையாதுல்ல சார்" என்றான்.

வீட்டம்மாவின் குறை தனி. "கோழி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, நீலத் தாழைக்கோழி பாத்துட்டு வெறுங்கையோட வர்றார்."

இப்படிப்பட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அசைத்தவர், நைட் ஷிஃப்ட் முடித்துக் கரை வழியாக அறைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு செக்யூரிட்டி. ஒடிசாக்காரர். தூரத்தில் ஒரு கூட்டம் வாத்து எழும்பியது. நம்மவர் ஃபோகஸைத் திருகி முடிப்பதற்குள், செக்யூரிட்டி வெறுங்கண்ணால் பார்த்து, ஒடியாவில் ஏதோ பேர் சொல்லி, விரலால் ஒரு நீண்ட கூர் வாலைக் காற்றில் வரைந்து காட்டினார். ஊசிவால் வாத்து! போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதேதான்.

அரைத் தமிழும் அரை இந்தியுமாக விசாரணை நடந்தது. அவர் ஊர் சிலிகா ஏரிக்கரை. 1981இல் இந்தியாவிலிருந்து ராம்சர் ஈரநிலப் பட்டியலுக்கு முதன்முதலாகப் போன இரண்டு இடங்களில் ஒன்று. குளிர்காலத்தில் பறவைகள் லட்சக்கணக்கில் இறங்கும் ஏரி. அப்பா மீனவர். வாத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்த வீட்டில் பேசப் பழகும்போதே வந்துவிடும் படிப்பு. வாத்துகள் வருகிற திசையிலிருந்துதான் இவரும் வேலைக்கு வந்திருக்கிறார். வாத்துகள் பங்குனிக்குள் திரும்பிவிடும், இவருக்கு லீவு கிடைத்தால்தான்.

நம்மவர் செக்லிஸ்ட்டைத் திறந்தார். பார்வையாளர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் எப்போதும் போடும் 1ஐ அழித்து 2 போட்டார். குவாலிட்டி பிரிவு வாழ்க்கையில் கேள்வி கேட்காமல் அவர் பாஸ் செய்த முதல் ஐட்டம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு தோளில் கை போட்டு, "அடுத்த ஞாயிறு காலையில ஆறு மணிக்கு இங்கே வந்துடு. பன்னெண்டு வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

செக்யூரிட்டி கொஞ்சம் யோசித்தார்.

"ஓ.டி. இருக்கா சார்?"