ஆக்கிரமிப்பில் கழிந்த பால்யம்

வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் மதுரைக்கு வந்தால் ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எப்படியோ என் தலையில்தான் வந்து விழுகிறது. முன்பு அது சுலபமான வேலை. கோயில், மகால், தெப்பக்குளம் என்று கை காட்டிவிட்டால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இப்போது இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை எல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறேன். இந்த முறை மாட்டிக்கொண்டவன் பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன்.

"இந்த இடத்துலதான்டா தங்கம் தியேட்டர் இருந்துச்சு" என்று மாடி மாடியாக எழும்பி நிற்கும் ஒரு ஜவுளிக்கடையைக் காட்டினேன். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' படத்தோடு திறந்த கொட்டகை. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆசியாவை யாரும் நாடா பிடித்து அளக்கவில்லை. மதுரைக்காரன் சொல்லிவிட்டால் ஆசியா கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். மருமகன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, உள்ளே போய் இரண்டு சட்டை எடுத்துக்கொண்டு வந்தான். நல்ல சட்டை. தங்கம் தியேட்டரில் எனக்குக் கிடைத்ததெல்லாம் மூட்டைப்பூச்சிக் கடிதான் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

கோயிலுக்குள்ளும் இதே கதை. எங்கள் காலத்தில் மீனாட்சியம்மன் கோயில் என்பது சாமி கும்பிடப் போகிற இடம் மட்டும் இல்லை. காற்று வாங்க, கதை பேச, பெண் பார்க்க, மழைக்கு ஒதுங்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஆடி வீதியில் ஓடிப்பிடித்து விளையாடுவோம். பொற்றாமரைக் குளத்துப் படியில் புளியோதரைப் பொட்டலம் பிரிப்போம். மண்டபத்துக்குள்ளேயே வளையல் கடை, பாசிக் கடை, பொம்மைக் கடை. அம்மனைப் பார்க்கிற நேரத்தைவிட வளையல் கடையில் நிற்கிற நேரம்தான் அதிகம். 2018 பிப்ரவரியில் அந்தக் கடைகள் இருந்த பக்கம் தீப்பிடித்து, வீரவசந்தராயர் மண்டபமே சேதமானது. அதன் பிறகு உள்ளே கடை கிடையாது, கைபேசி கிடையாது. வாசலில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, சோதனை முடிந்து, வரிசையில் நகர வேண்டும்.

"அந்தக் காலத்துல இப்படியா இருந்துச்சு? நெனச்சா வருவோம், நெனச்சா போவோம்" என்று அலுத்துக்கொண்டேன்.

"இல்ல மாமா, இது நல்லாத்தான் இருக்கு. ஒருத்தரும் போனைப் பார்க்காம, தூணைப் பார்க்கிறாங்க பாருங்க" என்றான்.

பார்த்தேன். உண்மைதான். குளத்தங்கரையில் ஒரு குடும்பம் வேறு வழியில்லாமல் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே புது மண்டபம். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. மதுரையில் 'புது' என்றால் அவ்வளவு புதிது. கோடையில் மீனாட்சியும் சொக்கரும் வந்து குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று சுற்றிலும் நீர் நிற்க வழி செய்து கட்டிய வசந்த மண்டபம். ஆனால் எனக்குத் தெரிந்த புது மண்டபத்தில் நீரும் கிடையாது, வசந்தமும் கிடையாது. தூணுக்குத் தூண் தையல் மிஷின். நடுவில் பாத்திரம், பழைய புத்தகம், குங்குமம், பாசிமணி, மரச்செப்பு. யாளியின் வாயிலிருந்து பாவாடை நாடாக்கள் தொங்கும். குதிரை வீரனின் ஈட்டியில் பள்ளிக்கூடப் பைகள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்னால் அம்மா எங்களை வரிசையாக அங்கே கூட்டிப் போவாள். எங்கள் தையல்காரர் உட்கார்ந்திருந்தது ஒரு கல் ராணியின் காலடியில். அளவு நாடாவை எப்போதும் ராணியின் மடங்கிய முழங்கையில்தான் போட்டு வைப்பார். ஆண்டுக்கணக்கில் நாடா உரசி உரசி, அந்த ஒரு கை மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கும். வலது பாதத்தில் சாக்குக்கட்டி, இடது பாதத்தில் டீ கிளாஸ்.

"வளர்ற பிள்ளைண்ணே, கொஞ்சம் தாராளமா விட்டுத் தைங்க" என்பாள் அம்மா.

"கவலைய விடுங்கக்கா, காலேசுக்கும் இதையே போட்டுப் போகட்டும்" என்பார் அவர். சொன்னபடியே தைத்தும் கொடுப்பார். டவுசருக்குள் நான் இருக்கிறேனா என்று வாத்தியார் தேடும் அளவுக்கு இருக்கும். சொன்ன தேதிக்கு மட்டும் ஒருநாளும் கொடுத்ததில்லை. "சாயங்காலம் வாங்க" என்பது அங்கே நேரம் அல்ல, ஒரு நம்பிக்கை. சித்திரை மாதத்தில் போனால் அந்த நம்பிக்கையும் இருக்காது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டவர்களுக்கான உடுப்பும் குல்லாயும் தைக்க அந்த மண்டபமே ராப்பகலாகக் கடகடக்கும்.

இப்போது அந்தக் கடைகள் எல்லாம் பக்கத்தில் மாநகராட்சி கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபம் கடையில்லாமல் நிற்கிறது. வெளியே நின்று எட்டிப் பார்த்தால், நூற்றுக்கு மேற்பட்ட தூண்களும் அவற்றில் இருக்கிற சிற்பங்களும் முதல்முறையாக முழுசாகத் தெரிகின்றன. நாயக்கர் கட்டினபோது எப்படி இருந்திருக்குமோ அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது. கல்வெட்டு படித்தவர்கள், கட்டடம் படித்தவர்கள் எல்லாம் சந்தோஷப்படுகிறார்கள். அவர்கள் சந்தோஷம் நியாயமானது. என் துக்கம்தான் கொஞ்சம் சட்ட விரோதமானது.

சத்திரத்தில் பழைய தையல்காரரின் மகனைக் கண்டுபிடித்தேன். டியூப்லைட், ஷட்டர் கதவு, சுவரில் கடை எண்.

"எப்படிண்ணே இருக்கு புது இடம்?"

"எடத்துக்கு என்னண்ணே, மழ ஒழுகல, மேல தூசி விழுகல. ஆனா ராணி காலடியில உக்காந்திருந்தப்ப ஒரு கெத்து இருந்துச்சுல்ல? இப்ப வெறும் நம்பருதேன்" என்றார். பேச்சு வாக்கில் மருமகனின் புதுச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, தையல் சரியில்லை என்று ஒரே வார்த்தையில் ஜவுளிக்கடையை முடித்தார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தெப்பக்குளத்தில் நிலைமை இன்னும் மோசம். 1645இல் வெட்டிய குளம். கிட்டத்தட்ட ஆயிரம் அடி நீளம். என் நினைவில் அது ஒரு கிரிக்கெட் மைதானம். ஒரே நேரத்தில் ஏழெட்டு ஆட்டம் நடக்கும். நம் பந்துவீச்சாளர் ஓடிவரும் பாதையில் அடுத்த ஆட்டத்தின் விக்கெட் கீப்பர் குனிந்து நிற்பார். பந்து கல் படியில் பட்டால் நான்கு, படியைத் தாண்டினால் ஆறு. நடுவில் இருக்கும் மைய மண்டபம் எங்களுக்குப் பெவிலியன். தைப்பூசத்துக்குத் தெப்பத் திருவிழா வரும். தண்ணீர் இல்லாத வருஷங்களில் தெப்பம் நின்ற இடத்திலேயே நிற்கும். நிலைத்தெப்பம் என்பார்கள். சாமி இறங்கிப் போனதும் நாங்கள் ஸ்டம்பு நட்டுவிடுவோம்.

இப்போது பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து, வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்து குளத்தை நிரப்பிவிட்டார்கள். படகு போகிறது. சாயங்காலமானால் சுற்றுச்சுவர் முழுக்கக் கூட்டம், சுண்டல், பருத்திப்பால், செல்ஃபி. குளம் என்றால் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதை எதிர்த்து எவனும் வாதாட முடியாது. இருந்தாலும் அலையடிக்கிற நீரின் நடுவே ஓரிடத்தைக் காட்டி, "அங்கதான்டா எங்க பிட்ச்" என்றேன். மருமகன் நீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் அம்மாவிடம் போய் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

கணக்குப் பார்த்தால் விஷயம் இதுதான். நான் விளையாடிய இடம் குளத்தின் வயிறு. சட்டை தைத்த இடம் சாமியின் வசந்த மாளிகை. வளையல் வாங்கிய இடம் கோயில் மண்டபம். என் பால்யம் முழுவதும் ஆக்கிரமிப்பு நிலத்தில் நடந்திருக்கிறது. இப்போது முறைப்படி நோட்டீஸ் ஒட்டி அகற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பழைய மதுரை போய்விட்டது என்று நான் புலம்புகிறேன். அவர்களோ அதைவிடப் பழைய மதுரையைத்தான் மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பட்டா கிடையாது.

வைகை மட்டும் யாருக்கும் பிடிகொடுக்காமல் கிடக்கிறது. அப்போது மணலாகக் கிடந்தது. வேட்டியும் சேலையும் மைல் கணக்கில் காயும். இப்போது ஸ்மார்ட் சிட்டி புண்ணியத்தில் இரு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டாயிற்று. ஆற்றுக்குள் பச்சைப்பசேல் என்று ஆகாயத்தாமரை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று விருந்தாளிகள் கேட்டால், மூக்கு இருக்கிறவர்கள் கேட்க வேண்டியதில்லை என்று விட்டுவிடுவேன். சித்ரா பௌர்ணமிக்கு அழகர் இறங்கும்போது மட்டும், 1959இல் திறந்த வைகை அணையிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். பச்சைப் பட்டோ சிவப்புப் பட்டோ, எதைக் கட்டிக்கொண்டு வந்தாலும் அழகருக்கும் கன அடிக் கணக்குத்தான். தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர்களில் சிலர் தோல்பையை விட்டுவிட்டு விசைப் பம்புக்கு மாற, அதற்குத் தடை வந்தது. "அந்தக் காலத்துல தோப்பறையில மெதுவா பூத்தூவுற மாதிரி இருக்கும்" என்று மருமகனிடம் ஆரம்பித்தேன்.

"எந்தக் காலத்துல மாமா?" என்றான்.

நியாயமான கேள்வி. மீனாட்சி கல்யாணம் ஒரு காலத்தில் மாசியில் நடந்தது. அதனால்தான் சித்திரைத் தேர் இன்றைக்கும் மாசி வீதிகளில் சுற்றுகிறது. அழகர் தனியாகச் சித்திரையில் தேனூருக்குப் போய் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். சைவத் திருவிழா ஒன்று, வைணவத் திருவிழா ஒன்று. இரண்டையும் ஒரே மாதத்தில், ஒரே ஊரில் சேர்த்து வைத்தவர் திருமலை நாயக்கர். தங்கச்சி கல்யாணத்துக்கு அழகர் தாமதமாக வந்து, கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிப் போகிற கதையைக் கேட்டு நாங்கள் கண் கலங்கியதெல்லாம் அந்த ஏற்பாட்டின் மேல்தான்.

அழகர் மதுரைக்கு மாறிய வருஷம் தேனூரில் ஒரு பெருசு நிச்சயம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். "என்ன இருந்தாலும் அந்தக் காலத்துச் சித்திரை மாதிரி வருமா" என்று போகிறவன் வருகிறவனை எல்லாம் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கும். மருமகனும் இன்னும் முப்பது வருஷத்தில், படகு விட்ட தெப்பக்குளம் எங்கே என்று தன் பேரப்பிள்ளைகளின் உயிரை எடுப்பான். ஊரில் எதை இடித்தாலும் எதை நிரப்பினாலும் அந்தத் திண்ணைக்கு மட்டும் யாரும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை. நான் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டேன்.