ஆரோ செய்த ஆரோ

இஞ்ச வா மோனே, அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரு. மூண்டு கிழமையாய் இந்த ஸ்காபரோ பேஸ்மென்டில இரவு லைற் நூந்ததாய் நான் காணேல்லை. பொடியன் சோதினைக்குப் படிக்கிறான் எண்டு கொம்மா தேத்தண்ணி ஊத்தி ஊத்திக் களைச்சுப் போனாள். வந்து பாத்தால் மேசை முழுக்க ஏவ்ரோ ஆரோ எண்ட கனடாப் போர்விமானம் கீறின கடதாசி. பயப்பிடாத, நான் அவளுக்குச் சொல்லமாட்டன். தேத்தண்ணியில பாதி இஞ்சால வந்தால் சரி.

ஆரோ எண்டால் அம்பு எண்டு நீ சொல்லித் தந்தாய். எங்கட ஊர்க் கதையில ஆரோ எண்டால் ஆரோதான். அதுகும் பொருத்தமாய்த்தான் கிடக்கு. இப்ப பியர்சன் விமான நிலையம் இருக்கிற மால்டன் பக்கத்தில அதைக் கட்டி, 1957 ஒக்ரோபர் 4 இல வெளியில இழுத்து ஊருக்குக் காட்டிச்சினம். அண்டைக்கெண்டு பாத்து ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக்கை மேல விட்டான். தேர் இழுக்கிற நேரம் பக்கத்து வீதியில சின்னமேளம் தொடங்கின மாதிரி, சனம் எல்லாம் அங்கால திரும்பிட்டுது. அடுத்த மார்ச் 25 இல ஜானுஸ் ஜூராகோவ்ஸ்கி எண்ட போலந்துக்காரர் ஏறிப் பறந்தார். ஒரு வருசம் போகேல்லை, 1959 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, பிரதமர் டீபன்பேக்கர் பாராளுமன்றத்தில எழும்பி இனி இந்த வேலை இல்லை எண்டிட்டார். அண்டைக்கே 14,000 பேருக்கு மேல வேலை போச்சு. பறந்த ஐஞ்சையும் வெட்டிப் பழைய இரும்பாக்கி, வரைபடங்களையும் அழிக்கச் சொல்லிப்போட்டினம். ஆர் சொன்னது எண்டு கேட்டால் ஆளுக்காள் கையைக் காட்டினம். ஆரோ!

சரி, உன்ர கீறலுக்கு வருவம். வடிவாய்க் கீறியிருக்கிறாய். பாத்த உடனே வவ்வால் எண்டு கண்டுபிடிச்சிட்டன்.

எதைப் பாத்துக் கீறினாய்? போட்டோவையோ? நல்ல வேலை. கமராக்காரன் மூக்குக்குக் கிட்ட நிண்டு எடுத்தால் மூக்குப் பெருக்கும், வால் சிறுக்கும். கொப்பற்ற கலியாணப் படத்தில என்ர மூக்கு வந்திருக்கிற வடிவைப் பார். நீயோ போட்டோவை அடிமட்டத்தால அளந்து 24 ஆல பிரிச்சுப்போட்டு, ஸ்கேல் எண்டு எழுதி வைச்சிருக்கிறாய். பிரிச்சது சரிதான். அளந்ததுதான் பிழை.

மேல், பக்கம், முன் எண்டு மூண்டு பார்வைப் படத்தை எடு. அதையும் நம்பாத, கொப்பி எடுக்கிற மெஷின் கடதாசியை ஒரு பக்கமாய் இழுத்திருக்கும். ஆரோவின்ர சிறகு நுனிக்கு நுனி 50 அடி. 24இல் ஒண்டு எண்டால் 25 அங்குலம் வரவேணும். குறுக்கால சரியாய் வந்திட்டுது எண்டு துள்ளாமல் நீட்டையும் அளந்து பார். அப்பவும், மூக்கில துருத்திக்கொண்டு நிக்கிற குழாயைச் சேத்து எழுதின நீளமோ, விட்டு எழுதின நீளமோ எண்டதை முதல்ல விளங்கிக்கொள்.

மூண்டு பார்வையும் காணாது. பலாப்பழத்தை வெளியில பாத்துச் சுளை எண்ணேலுமோ? இந்தச் சாமானுக்குக் காற்று உள்வாங்குற வாய் விமானி இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில பெட்டி மாதிரி நிக்குது, பின்னால போய் ரெண்டு வட்டக் குழாயாய் முடியுது. இடையில எப்பிடி மாறுது எண்டு பக்கப் படம் சொல்லாது. பாணை வெட்டுற மாதிரி துண்டு துண்டாய் வெட்டுமுகம் கீறவேணும். எல்லாத் துண்டுக்கும் நடுவால ஒரே நேர்கோடு ஓடவேணும், இல்லாட்டி ஒட்டி முடியேக்க விமானம் முதுகு வலிக்காரன் மாதிரி நிக்கும்.

இன்னொண்டு. நீ கீறினது எந்த ஆரோ? பறந்தது எல்லாம் அமெரிக்காக்காரன்ர ஜே75 எஞ்சின் பூட்டின மார்க் 1. கனடாவிலயே செய்த இரொக்வா எஞ்சினோட வரவேண்டிய மார்க் 2 பறக்கவே இல்லை. நீ முன்பக்கத்தை ஒண்டிலயும் வாலை மற்றதிலயும் எடுத்திருக்கிறாய். ஆட்டுத்தலை, மாட்டு உடம்பு. முதல் பறந்த 25201 எண்ட இலக்க விமானத்தையே பிடி, அதிலயும் எந்த நாளில நிண்ட கோலம் எண்டு ஒரு நாளைத் தெரிஞ்செடு.

உதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறியோ, பறக்க விடப் போறியோ? பறக்க எண்டால் இந்தக் கிழவனைக் கேள். வல்வெட்டித்துறையில தைப்பொங்கலுக்கு நாங்கள் ஏத்தாத பட்டமோ? சின்னப் பட்டத்தின்ர முச்சையைப் பெருப்பிச்சுப் பெரிசுக்குக் கட்டினால் குத்துக்கரணம் அடிக்கும். ஏன்? பட்டத்தைப் பெருப்பிக்கலாம், காற்றைப் பெருப்பிக்கேலாது. சுருக்கவும் ஏலாது.

கணக்கைப் பார். ஆரோவின்ர வெறும் பாரம் 49,000 இறாத்தல் அளவு. 8இல் ஒண்டாய்ச் சுருக்கினால் பாரத்தை 8ஆல இல்லை, 512ஆல பிரிக்கவேணும். அப்பவும் 43 கிலோ. கனடாச் சட்டத்தில றிமோட்டில பறக்கிற சாமானை 250 கிராமில இருந்தே பதியவேணும், 25 கிலோவைத் தாண்டினால் வேற விதி. உன்ர 24இல் ஒண்டுக்கு 1.6 கிலோ வருது, சிறகோ ரெண்டு சதுர அடிக்கு எப்பன் கூட. பறக்கும். ஆனால் இறங்கேக்க ஓடிவந்து பிடிக்க என்னைக் கூப்பிடாத. இன்னும் பாரம் குறைச்சுக் கட்டு. முதல்ல டொலராமாக் கடையில நுரை மட்டை ஒண்டு வாங்கி அந்த முக்கோணத்தை வெட்டு, மூக்கில களிமண்ணை ஒட்டி எறிஞ்சு பார். பாரம் எங்க நிக்கவேணும் எண்டு அது சொன்னாப் பிறகு பற்றறிக்கு இடம் கீறு.

எறிஞ்சு பாக்கிறது வெக்கமில்லை. ஆரோவைக் கட்டினவையே 1954 தொடங்கி 8இல் ஒண்டு அளவில மாதிரி செய்து, றொக்கட்டில பூட்டி, பொயின்ற் பீற்றரில இருந்து ஒன்ராறியோ ஏரிக்கு மேல விட்டவை. எல்லாம் தண்ணிக்குள்ள. 2018இலதான் ஏரியின்ர அடியில இருந்து ஒண்டைத் தூக்கிச்சினம், அதுகும் ஆரோ இல்லை, அதுக்கு முந்தின சோதனை உருவம். பெரிய எஞ்சினியர்மார் ஏரிக்குள்ள போட்டதை நீ பார்க்கில போடு, ஆர் கேக்கப்போறான்.

பெரிசாய்ச் செய்யவோ எண்டு மட்டும் கேக்காத. டவுன்ஸ்வியூவில ஒரு அருங்காட்சியகத்தில தொண்டர்கள் சேந்து முழு அளவில ஒண்டு செய்து 2006இல காட்டினவை. 2011இல அந்த அருங்காட்சியகத்துக்கே எழும்பச் சொல்லிக் கடிதம். பாவம், அது இப்ப எடன்வேல் பக்கம் குடிபோட்டுது. ரொறன்ரோவில ரெண்டு அறைக்கே வாடகை கட்டேலாது, 50 அடிச் சிறகுக்கு ஆர் கட்டுறது?

வரைபடம் அழிக்கச் சொன்னவை எண்டனே, ஒரு மூத்த வரைவாளர் மட்டும் கேக்கேல்லை. சத்தமில்லாமல் வீட்டை கொண்டு போட்டார். எந்த ஊர் எண்டு நினைக்கிறாய்? இந்த ஸ்காபரோதான். கனகாலம் ஒருத்தருக்கும் தெரியாமல் கிடந்தது, 2020இல கண்காட்சியில வைச்சினம். எங்க தெரியுமோ? சாஸ்கட்டூனில, டீபன்பேக்கர்ர பேரில இருக்கிற நிலையத்தில.

அதால ராசா, பிழைச்ச கடதாசியையும் எறியாத. அரிசி மூட்டைக்குப் பின்னால இடம் கிடக்கு, சுருட்டி வை. கொம்மா வந்து உந்தக் குப்பையை அழி எண்டு சத்தம் போட்டால் என்னைக் காட்டிவிடு. எனக்குத்தானே காது கேக்காது.