அயர்லாந்திலும் ரூபாயாக்கும்?

என் அத்தை வீடு மார்த்தாண்டத்தில். காட்டாக்கடையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் ரோட்டில் எங்கள் வீடு. பஸ் ஏறினால் பாறசாலை, இஞ்சிவிளை, களியக்காவிளை, குழித்துறை என்று ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். ஆனாலும் 1956 நவம்பர் 1 முதல் அது வெளிமாநிலம். தமிழர் தலைவர் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் தமிழ்நாட்டோடு இணைக்க நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை என்று அந்தப் பக்கம் போனது போக, வீட்டில் தமிழும் ரேஷன் கார்டில் மலையாளமுமாக நாங்கள் இந்தப் பக்கம் கேரளத்திலேயே தங்கிவிட்டோம். 2020 கொரோனா காலத்தில் அத்தையைப் பார்க்க இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாததுதான் பாக்கி.

இவ்வளவு கஷ்டப்பட்டு எல்லை தாண்டியும் ஒருவர்கூட என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. மகள் டப்ளினில் நர்ஸ் வேலைக்குப் போய், அவளுக்குப் பேறு பார்க்க நான் விமானம் ஏறிய பிறகுதான் அந்தப் பாக்கியம் கிடைத்தது.

பேறு பார்க்கப் போகும் அம்மாக்களைப் பற்றி யாராவது விரிவாக எழுதலாம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொரு அம்மா இப்படிப் போய் வருகிறாள். விமான நிலையத்தில் பார்த்தாலே அடையாளம் தெரியும். புதுச் செருப்பு, மகன் வாங்கித் தந்த ஸ்வெட்டர், மடியில் இறுக்கிப் பிடித்த பை, பையில் பாஸ்போர்ட்டோடு பெருங்காயம். அயர்லாந்துக்கு உறவினரைப் பார்க்கப் போகும் விசாவில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 90 நாள்தான் இருக்கலாம். அந்த 90 நாளும் நான் பால்குப்பி கழுவினேன், தோளில் பிள்ளையைப் போட்டு நடந்தேன், மருமகனுக்குப் பிடிக்குமே என்று கிழங்கு வேகவைத்தேன். போனது டிசம்பரில். காலை எட்டரை தாண்டித்தான் வெளுக்கும். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நடுவில் இருக்கும் பகலில் பிள்ளையைக் குளிப்பாட்டினால் அன்றைய சூரியன் போயாச்சு.

ஊர் சுற்றியது என்றால் மோகர் மலைமுகடு ஒன்றுதான். அட்லாண்டிக் கடலோரமாக எட்டு கிலோமீட்டர் நீளம், உயர்ந்த இடத்தில் 214 மீட்டர் செங்குத்தாக நிற்கும் பாறை. நாங்கள் போன அன்று மூடுபனி. எனக்குத் தெரிந்தது வேலிக்கம்பியும் என் வீட்டுக்காரரின் குரங்குக் குல்லாவும் மட்டும். கடையில் ஒரு படஅட்டை வாங்கிக்கொண்டேன். ஊருக்கு வந்து, பார்த்தவர்களிடமெல்லாம் அந்தப் பாறையைக் கையை உயர்த்தி விவரித்தது அந்த அட்டையைப் பார்த்துத்தான். பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தியவளுக்கு இது பெரிய வித்தையில்லை. எவரெஸ்டையும் அப்படித்தான் நடத்தினேன்.

திரும்பி வந்த வாரம் சந்தையில் முதல் குரல் கேட்டது.

"எப்பம் வந்திய டீச்சரே? ஒரு சுற்றுத் தடி வெச்சிட்டியளே! பிள்ளைக்க சம்பாத்தியத்துல ஊரு சுத்தியதுக்கும் ஒரு யோகம் வேணும்."

சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. முள்ளும் பூவுமாகக் கோத்துப் பேசுவதில் அவருக்கு இணை இந்தத் தாலுகாவில் இல்லை. இதற்கு என்ன பதில் சொல்வது என்று வெண்டைக்காய் பொறுக்கும் சாக்கில் யோசித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அருமையான பதில்கள் நாலைந்து தோன்றின. சந்தையில் தோன்றியது ஒன்றுதான்: "ஓ!"

அடுத்த தடவை நானே முந்திக்கொண்டேன். அயர்லாந்து என்றதும் மூச்சு விடாமல் குறை சொல்ல ஆரம்பித்தேன். என்னத்த சுகம் அக்கா, ஒரே குளிரு, மழை, மனுசன் முகம் பார்க்கக் கிடையாது, ஒரு மரச்சீனிக்கிழங்கு வாங்கணுமென்றால் பஸ் ஏறணும், வேலைக்காரி வேலைதான் அங்கே எனக்கு. பொறாமைக்கு இடமில்லாமல் அடைத்துவிட்டோம் என்று நினைத்தேன். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "அப்பம் எதுக்கு டீச்சரே மறுபடியும் விசாவுக்குக் கொடுத்திருக்கிய?"

விசாவுக்குக் கொடுத்தது அவருக்கு எப்படித் தெரியும் என்பது வேறு விஷயம்.

சாக்லேட் விவகாரம் இதைவிடக் கேவலம். வெளிநாட்டிலிருந்து வருபவர் சாக்லேட் கொண்டுவருவது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். பாதி தெருவுக்குக் கொடுப்பதற்குள் பெட்டி காலி. மீதித் தெருவின் முகத்தில் எப்படி விழிப்பது? நெய்யாற்றின்கரையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு ஆட்டோவில் போய், பளபளக்கும் தாளில் சுற்றிய பாக்கெட்டுகளை வாங்கி வந்தேன். வளைகுடாக்காரர் வீடுகள் பலவற்றில் கடைசி நேரத்தில் நடக்கும் வேலைதான் இது, நானொன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மறுநாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல்: "டீச்சரே, அயர்லாந்துலயும் ரூபாயாக்கும்?"

அக்காவைப் பற்றி இப்படி எழுதிவிட்டு, இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அவருடைய மகன் சவுதியில் இருந்தான். கடன் வாங்கி அனுப்பிய மகன். சவுதி அரசு தன் நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் திட்டத்தை 2011இல் கொண்டுவந்து 2013இல் கெடுபிடியாக்கியபோது திரும்பி வந்தவர்களில் அவனும் ஒருவன். வீட்டுக்கு மேல்மாடி போட நிறுத்திய கம்பிகள் இன்றும் மொட்டைமாடியில் துருப்பிடித்து நிற்கின்றன. நான் சூட்கேசை உருட்டிக்கொண்டு போகும்போது அவர் கண்ணில் படுவது சூட்கேஸ் மட்டுமா இருக்கும்? இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் பேச்சு சுருக்கென்று தைக்கத்தான் செய்தது. அறிவு ஒரு பக்கம் போகும், தோல் ஒரு பக்கம் எரியும்.

சாக்லேட்டில் பட்ட அவமானத்துக்குப் பிறகு, சொல்லாமலே போய்விடுவது என்று முடிவு செய்தேன். நாகர்கோவிலில் கண் ஆபரேஷன், கொஞ்ச நாள் சொந்தக்காரர் வீட்டில் ஓய்வு என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். வளைகுடா வழியாகப் போகும் விமானங்கள் திருவனந்தபுரத்திலிருந்து விடியுமுன்னே கிளம்புபவை. இரவு ஒரு மணிக்கு டாக்சி வந்தது. விளக்குப் போடாமல், பூனைநடையில் பெட்டிகளை இறக்கினோம். ரப்பர் வெட்டுகாரன் என்றொருவன் இந்த ஊரில் உண்டு என்பதை மட்டும் மறந்துவிட்டேன். பால் நன்றாக வடிய வேண்டுமென்று நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடுராத்திரியிலேயே தோட்டத்துக்குக் கிளம்பும் ஆள். அந்த வெளிச்சம் எங்கள் பெட்டிகள் மேல் ஒவ்வொன்றாக விழுந்தது.

"கண்ணு ஆபரேஷனுக்கா டீச்சரே, இவ்வளவு பெட்டி?"

மூன்று மாதம் கழித்து நான் திரும்பியபோது, ஊரே என்னிடம் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தது. மலையாளிச் சேச்சி ஒருத்தி மட்டும், "டீச்சருக்கு எந்தா, பரம சுகமல்லே" என்று நேராகச் சொன்னாள். மற்றவர்களைவிட அவளே மேல் என்று தோன்றியது.

பொறாமைப் பேச்சைப் பற்றி இவ்வளவு புலம்பும் எனக்கு அந்தக் கலை நன்றாகத் தெரியும். 1989இல் என்று நினைவு. குவைத்தில் வேலை பார்த்த ஒரு பையன் லீவில் வந்திருந்தான். கையில் டூ-இன்-ஒன், சட்டையில் ஊரைக் கூட்டும் சென்ட், மணிக்கட்டில் தங்கநிற வாட்ச். அவன் அம்மா ஒவ்வொரு வீடாக வந்து தைலமும் சோப்பும் கொடுத்தாள். எனக்கு அப்போது மாதச் சம்பளத்தில் ஒரு ஃபேன் வாங்கவே தவணை. கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேர் கேட்கச் சொன்னேன்: "இந்த மினுக்கமெல்லாம் எத்தனை நாளைக்கு? எண்ணெய் வத்திப் போனா ஒட்டகம் மேய்க்க வேண்டியதுதான்." எல்லோரும் சிரித்தார்கள். அன்று முழுக்க எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

எண்ணெய் வற்றவில்லை. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்த இந்தியர்கள் பாலைவனம் கடந்து ஜோர்டான் தலைநகர் அம்மானுக்கு வந்து சேர, அங்கிருந்து ஏர் இந்தியா 488 நடைகளில் 1,11,000-க்கும் மேற்பட்டோரைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தது. பையனும் வந்தான். டூ-இன்-ஒன் இல்லை, வாட்ச் இல்லை, தோளில் ஒரு பை. யாரோ நாவேறு வெச்சிட்டா என்று அவன் அம்மா அழுதாள். உப்பும் கடுகும் வற்றல் முளகும் எடுத்து அவனை உழிந்து அடுப்பில் இட்டார்கள். முளகு என் வீட்டிலிருந்து போனது. அவசரத்துக்குக் கேட்டார்கள், கொடுத்தேன். எரிகிற முளகு காறவில்லை என்றால் கண்ணேறு கடுமை என்பது கணக்கு. யாருக்கும் காறவில்லை. எனக்கு மட்டும் இருமல் வந்தது.

சதாம் உசேன் படையெடுத்தது என் வாயால் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு என் நாக்குக்குச் செல்வாக்கு இருந்திருந்தால் நெய்யாற்றின்கரை எப்போதோ தமிழ்நாட்டில் சேர்ந்திருக்கும். இருந்தாலும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. பின்னாட்களில் குவைத்திலிருந்து வந்தவர்களுக்கு ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் மூலம் பணம் வாங்க வழி வந்தபோது, அந்தப் பையனின் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்தது நான்தான். ஊர் என்னைப் பரோபகாரி என்றது. மறுக்கவில்லை. இதுவும் கணக்கில் சேர வேண்டியதுதான்.

ஆகவே "ஊரு சுத்தியதுக்கு யோகம் வேணும்" என்று அக்கா சொன்னபோது எனக்கு வலித்தது என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை எழுத வெட்கமாக இருக்கிறது. அதில் ஒரு சுகம் இருந்தது. சொறியச் சொறியச் சுகம் தரும் சிரங்கு மாதிரி. இல்லையென்றால் வீட்டில் கட்டிக்கொள்ளப் பழைய சேலை இருக்க, மகள் வாங்கித் தந்த கம்பளிக் கோட்டை ஏன் காட்டாக்கடை வெயிலில் வேர்க்க வேர்க்கப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன்? "உடம்பு சரியில்லையா டீச்சரே" என்று மானேஜர் கேட்டார். பொறாமை வரவில்லை, பரிதாபம்தான் வந்தது.

இப்போது நிலைமை அதைவிட மோசம். பொறாமைப்பட ஆளே கிடையாது. வெளிநாடு போனவர்களைக் கணக்கெடுக்கும் வேலையை 1998இல் திருவனந்தபுரம் உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தில் தொடங்கினார்கள். அந்த வரிசையில் 2023இல் எடுத்த கணக்குப்படி கேரளத்திலிருந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். படிக்கப் போன பிள்ளைகள் மட்டும் ஐந்து வருஷத்தில் இரட்டிப்பாகி இரண்டரை லட்சம். அதில் எங்கள் தெருவின் பங்கு கணிசமாக இருக்க வேண்டும். கடைசியாக நான் டப்ளினிலிருந்து வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. தடி வைத்தேனா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு நாள் வாசலில் சும்மா நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் நானே மதிலோரம் போய், "அக்கா, நான் வந்தாச்சு" என்றேன்.

"ஓ, போயிருந்தியளா?" என்றார் அக்கா. பிறகு, அவருடைய பேத்திக்குக் கனடாவில் படிக்க இடம் கிடைத்திருப்பதைச் சொன்னார். சவுதியிலிருந்து திரும்பிய அந்த மகனின் மகள். முகம் முழுக்கச் சிரிப்பு. துருப்பிடித்த கம்பிக்கு மேல் மாடி எழும்பிவிட்டது போல நின்றார்.

ஒரு வாழ்த்துச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? என் வாயில் வந்தது இதுதான்: "கனடாவா? 2024 ஜனவரியிலேயே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உச்சவரம்பு வெச்சிட்டானே அக்கா, பேப்பர்ல பார்க்கலியா? தங்க வீடும் கிடைக்காதாம், வேலையும் கிடைக்காதாம்."

சொன்ன தகவலில் பெரிய பிழை இல்லை. குவைத்துக்காரப் பையனைப் பற்றிச் சொன்னதைவிட ஆதாரம் உள்ள பேச்சு. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "எல்லாம் டீச்சருக்க ஆசீர்வாதம்" என்றார். என்னுடைய 'ஓ!'வை நினைத்துக்கொண்டேன், அவருக்கு மட்டும் பதில் எப்படி அந்த இடத்திலேயே தோன்றுகிறதோ.

அந்தப் பிள்ளை ஆகஸ்டில் போகிறாள். பெட்டி கட்ட ஒத்தாசை செய்ய நானும் போகலாம் என்றிருக்கிறேன். பெருங்காயத்தை எப்படிச் சுற்றி வைத்தால் மணம் வெளியே வராது என்பது இந்தத் தெருவில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்கும் விசா வந்தால் குளிருக்கு முன்னே மறுபடி ஒரு டப்ளின் பயணம் உண்டு. சாக்லேட் வேண்டுபவர்கள் இப்போதே சொல்லிவைக்கலாம். விலைச்சீட்டைச் சுரண்டிவிட்டே தருவேன்.